கருமணற் கரையில் வருத்தம் மாறிய கதை

எங்கள் பக்கத்தில் நோய்க்கு வழங்கும் பெயர் வருத்தம். காய்ச்சலில் கிடப்பவனும் வருத்தக்காரன். ஈரல் கெட்டுப் படுத்தவனும் வருத்தக்காரன். வைத்தியசாலைக் கட்டிலில் இருக்கும் உறவினரைக் கண்டு வருவதற்கு 'வருத்தம் பார்க்கப் போதல்' என்றே பெயர். தமிழகத்திலிருந்து வரும் நண்பர்கள் இதைக் கேட்டு முதலிற் சற்றுத் தடுமாறுவதுண்டு. அவர்களுக்கு வருத்தமென்றால் மனத்துயர். எங்களுக்கோ மனத்துயரும் அதுதான், மலேரியாவும் அதுதான். அந்த வருத்தம் நீங்கிற்றா என்று விசாரிக்கும்போதும் நாங்கள் 'குணமாயிற்றா' என்று கேட்பதில்லை, 'வருத்தம் மாறிட்டுதோ?' என்றுதான் கேட்கிறோம். தீர்ந்ததா, ஒழிந்ததா, விட்டதா என்று கேளாமல் மாறியதா என்று கேட்கின்ற இந்த வழக்கை அறுபது வருஷத்துக்கு மேலாக நாவிலே வைத்திருந்தும் அதன் அர்த்தத்தை நான் ஒரு தடவையேனும் யோசித்தவனல்லன். யோசிக்க வைத்தது புல்மோட்டைக் கடற்கரையில், ஒரு தேத்தண்ணிக் கடை வாங்கில், வெயில் சாயட்டும் என்று காத்திருந்த ஒரு மத்தியானம்.

திருகோணமலைப் பட்டினத்திலிருந்து கடலை வலப்பக்கத்தில் வைத்துக்கொண்டு, நிலாவெளி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி, திரியாய் என்று ஊர்களைத் தாண்டி வடக்கே ஐம்பது கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட தூரம் போனால் புல்மோட்டை வரும். அதற்கு அப்பால் கொக்கிளாய்க் களப்பு. களப்புக்கு அக்கரை முல்லைத்தீவு மாவட்டம். முஸ்லிம் மக்கள் பெரும்பான்மையாக வாழும் இந்த ஊருக்கு மீன்பிடியும் வயலும் பிரதான ஜீவனமாயினும், அதன் பெயரைத் தேசாந்தரங்களுக்குக் கொண்டுபோனது கரையில் கிடக்கும் கருமணல். இல்மனைட், ரூட்டைல், சிர்க்கோன் ஆகிய கனியங்கள் செறிந்த இந்த மணலை அள்ளிப் பிரித்து ஏற்றுமதி செய்வதற்கென்றே 1957 ஆம் ஆண்டில் அரசாங்கம் ஒரு கூட்டுத்தாபனத்தை நிறுவிற்று. அள்ளிய இடத்தை ஒவ்வொரு வருஷமும் வடகீழ்ப் பருவக்காற்றின் அலைகள் மறுபடியும் கொண்டுவந்து நிரப்புவது இங்கே காணத்தக்க ஓர் அதிசயம். வெள்ளை மணலைவிடக் கருமணல் வெயிலை அதிகம் குடிக்கும். நடுப்பகலில் வெறுங்காலோடு அதன்மேல் பத்தடி நடந்தவன் பதினோராவது அடியை ஓட்டமாகவே வைப்பான்.

மணல் ஏற்ற வரும் கப்பல்கள் கரைக்கு எட்டத்தில் நங்கூரமிட்டு நிற்கும். 1997 செப்டெம்பரில் அப்படி நின்ற ஒரு கப்பல் தாக்கப்பட்டு, இலங்கையின் உள்நாட்டு யுத்தத்தைப் பற்றி ஒன்றுமறியாத அந்நிய நாட்டு மாலுமிகள் சிலர் உயிரிழந்தார்கள். ஆகவே கப்பல் என்ற சொல் இந்த ஊருக்குச் சுபமான சொல்லாக இருந்ததில்லை. பன்னிரண்டு வருஷங்கழித்து வந்த கப்பல்களோ மணல் ஏற்ற வந்தவையல்ல. மனிதரை இறக்க வந்தவை.

2009 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வன்னிப் போர் முல்லைத்தீவுக் கரையோரத்து ஒடுங்கிய மணற்றிட்டொன்றுக்குள் வந்து நெருங்கியபோது, தரைவழி அடைபட்டுப்போன காயக்காரரை வெளியேற்ற எஞ்சியிருந்தது கடல்வழி ஒன்றே. பெப்ரவரி 10 ஆம் திகதி தொடங்கி மே 9 ஆம் திகதி வரை, சர்வதேச செஞ்சிலுவைக் குழு வாடகைக்கு அமர்த்திய 'கிறீன் ஓஷன்' என்னும் கப்பல் புதுமாத்தளன் பக்கத்துக் கரைக்குப் பலமுறை போய்வந்தது. காயப்பட்டவர், நோயாளர், உடன் வந்த உறவினர் என்று ஏறத்தாழ 14,000 பேரைச் செஞ்சிலுவைக் குழு இவ்வாறு கடல்மார்க்கமாக வெளியேற்றிற்று. முதலிலே திருகோணமலைக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் மார்ச் மாதத்திலிருந்து புல்மோட்டையில் இறக்கப்பட்டார்கள். புதுமாத்தளன் இறங்குதுறை இல்லாத கரையாகையால், கட்டுப்போட்ட உடம்புகளைச் சிறு படகுகளிற் கிடத்தி அலைக்குமேலால் கொண்டுபோய்த்தான் கப்பலில் ஏற்றவேண்டியிருந்தது. அந்த மாதங்களில் செஞ்சிலுவைக் குழுவின் பணியாளர் மூவர் எறிகணை வீச்சில் இறந்துபோனார்கள் என்பதையும் இங்கே குறித்து வைக்கவேண்டும்.

அந்தக் காயக்காரருக்கு முதற்கட்டு கட்டியவர்கள் த. சத்தியமூர்த்தி, து. வரதராஜா, வீ. சண்முகராஜா முதலிய அரச வைத்தியர்களும் அவர்களோடு நின்ற தாதியரும் தொண்டர்களுமே. புதுக்குடியிருப்பு வைத்தியசாலை பெப்ரவரித் தொடக்கத்திற் கைவிடப்பட்டபின், புதுமாத்தளனில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தையே வைத்தியசாலையாக்கி, மருந்துக்கும் இரத்தத்துக்கும் தட்டுப்பட்டுக்கொண்டு அவர்கள் செய்த சத்திரசிகிச்சைகள் எங்கள் வைத்திய சரித்திரத்தில் தனி அத்தியாயமாக எழுதப்படவேண்டியவை. இக்கரையில் காயக்காரரை ஏற்றுக்கொள்ள இந்திய அரசாங்கம் மார்ச் மாதத்தில் ஒரு வைத்தியக் குழுவை அனுப்ப, அது புல்மோட்டையில் தற்காலிக வைத்தியசாலையொன்றை அமைத்தது. பின்னர் அதே குழு வவுனியா மாவட்டத்து மெனிக் பாம் முகாம் பக்கத்துக்குப் பெயர்ந்து செப்டெம்பர் வரை பணிசெய்தது. அந்த ஆறு மாதங்களில் அது பார்த்த நோயாளர் தொகை சுமார் 50,000 என்பது இந்திய அரசின் கணக்கு.

போர்க்காயத்துக்குச் சிகிச்சை செய்வதில் அனுபவமற்றவர்கள் முதலில் விடும் பிழை ஒன்றுண்டு என்று ஒரு சத்திரவைத்திய நண்பர் எனக்குச் சொல்லியிருக்கிறார்: காயத்தை உடனே தைத்து மூடிவிடுவது. கத்தி வெட்டைத் தைக்கலாம். எறிகணைச் சிதறல் பாய்ந்த காயத்துக்குள்ளே மண்ணும் துணிநூலும் செத்த தசையும் புகுந்திருக்குமாதலால் அதைத் தைத்துவிட்டால் மேலே தோல் பொருந்தி அழகாகத் தெரிய, உள்ளே சீழ் கட்டி ஆளையே கொண்டுபோய்விடும். ஆகவே அழுகியதை வெட்டி, கழுவி, துணியால் மூடித் திறந்தபடியே விட்டு, நாலைந்து நாட் சென்றபின் சுத்தமாயிருக்கக் கண்டாலே தைக்கவேண்டும் என்பது யுத்தகால வைத்தியத்தின் பால பாடம். இந்தப் பாடத்தை உடம்புக்கு மாத்திரம் உரியதென்று நான் வெகுகாலம் எண்ணியிருந்தேன்.

எண்ணியிருந்தது மட்டுமா? எதிராகவே நடந்தும் இருக்கிறேன். அந்த வருஷம் பெப்ரவரியில், கப்பலிற் கொண்டுவரப்பட்டவர்களுக்குக் கொடுப்பதற்காகப் பாணும் சாரமும் பழைய சேலைகளும் சேர்த்துக்கொண்டு பட்டினத்து வைத்தியசாலைக்குப் போனவர்களில் நானும் ஒருவன். ஒரு கட்டிலில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், இரு கைகளையும் மடியிற் போட்டபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு சேலையை வைத்துவிட்டு, 'எல்லாம் சரியாயிடும் பிள்ளை, யோசிக்காதேங்கோ' என்றேன். அவள் சேலையை ஒருமுறை பார்த்தாள்; என்னைப் பார்க்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த கிழவி, அவளுடைய இரண்டு குழந்தைகளும் கரையிலேயே போய்விட்டன என்று பிறகு சொன்னாள். நான் தைக்கப் பார்த்தேன் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.

தேத்தண்ணிக் கடைக்கு வருகிறேன். கடைக்காரர் எழுபதைத் தாண்டிய ஒரு முஸ்லிம் பெரியவர்; ஊரில் எல்லாரும் அவரை நானா என்றே அழைக்கிறார்கள். கடைக்குப் பின்புறம், தகரக் கூரை போட்ட ஒரு கொட்டிலில், வள்ளங்களுக்குப் பூட்டும் வெளி எஞ்சின்களைத் திருத்தும் மனிதர் ஒருவர் இருந்தார். அக்கரை முல்லைத்தீவுப் பக்கத்துக் கடற்றொழிலாளி. பெயரும் ஊரும் எழுத வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். நானும் வாக்குக் கொடுத்தேன். 2009 ஏப்பிரலில் கப்பலில் வந்து இதே கரையில் இறங்கியவர். இறங்கியவர் என்பது உபசார வார்த்தை, இறக்கப்பட்டவர். இடக்கால் முழங்காலுக்குக் கீழே அப்போதே இல்லை.

நானா கொடுத்த வெறுந்தேத்தண்ணியை வாங்கில் வைத்துவிட்டு, அவர் பேச்சை நிறுத்தாமலே சாரத்தை முழங்காலுக்குமேல் ஒதுக்கி, பொய்க்காலைக் கழற்றி வாங்கின் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினார். கருமணல் பொலபொலவென்று கொட்டிற்று. துண்டித்த காலின் நுனியை மூடியிருந்த பருத்தி உறையை உருவி உதறிக் கொடியிற் போட்டார். பின்பு சட்டைப்பையிலிருந்து முகச்சவரக் கண்ணாடி ஒன்றை எடுத்து, சுயமாகக் கண்ணுக்கெட்டாத அடிப்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கேயாவது சிவந்திருக்கிறதா, தோல் கன்றியிருக்கிறதா என்பதே பரீட்சை. ஒரு மணற்பருக்கை உராய்ந்த இடத்தைக் கவனியாமல் விட்டால் அது புண்ணாகும்; புண்ணானால் இரண்டு கிழமைக்குக் கால் மாட்டமுடியாது; கால் மாட்டாவிட்டால் தொழிலில்லை. இதை அவர் ஒரு நாளைக்கு மூன்று முறை, ஐவேளைத் தொழுகைக்காரர் ஒழூச் செய்வதைப்போன்ற கிரமத்தோடு செய்கிறார் என்று நானா பரிகாசமாகச் சொன்னார்.

"மணலில நடக்கிறதுதான் கஷ்டம் ஐயா. தார் றோட்டில எந்தக் காலும் நடக்கும். மணலுக்குக் குதி புதையும். நிலத்தை இப்ப நான் பாதத்தால அறியிறதில்லை, தொடையால அறியிறன். அதுக்கு மூண்டு வருசம் எடுத்தது."

அவர் மாட்டியிருந்தது ஜெய்ப்பூர்க் கால். 1968 ஆம் ஆண்டளவில் ஜெய்ப்பூர் நகரத்தில் பி. கே. சேத்தி என்னும் எலும்புச் சத்திரவைத்தியரும், பள்ளிப் படிப்பு அதிகமில்லாத ராமச்சந்திர சர்மா என்னும் கைவினைக் கலைஞரும் சேர்ந்து உருவாக்கிய கால் அது. மேனாட்டுப் பொய்க்கால் சப்பாத்துப் போடுகிறவனுக்கும் கதிரையில் உட்காருகிறவனுக்கும் செய்யப்பட்டது. சம்மணமிட்டுச் சாப்பிடுகிறவனும் வயற்சேற்றில் இறங்குகிறவனும் குந்தியிருந்து மீன் தெரிகிறவனும் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வல்கனைஸ் செய்த இறப்பரும் மரமும் கொண்டு, வெறும் பாதத்தின் நிறத்தோடும் வளைவோடும், நாலு பக்கமும் மடங்கும்படி சேத்தியும் சர்மாவும் செய்த காலோ நீரிலும் இறங்கும், மரத்திலும் ஏறும். யாழ்ப்பாணத்தில் இதே முறையிற் கால் செய்து பொருத்தும் நிலையம் 1987 முதல் இயங்குகிறது. 2010 இல் மெனிக் பாமில் இந்தியக் குழுவொன்று முகாமிட்டுச் சுமார் 1,400 பேருக்கு அவயவம் பொருத்திற்று. பெரிய கண்டுபிடிப்புக்களைப் பற்றிப் பேசும்போது நாம் சந்திரனுக்குப் போன வாகனங்களைச் சொல்லுகிறோம். குந்தியிருக்க முடிகிற ஒரு பொய்க்காலை அந்த வரிசையில் வைக்கிறவர்களை நான் இன்னும் காணவில்லை.

காலிருந்த இடத்தில் வலி உண்டா என்று கேட்டேன். அவர் சிரித்தார். "வலியெண்டால் பரவாயில்லை. இல்லாத கால் கடிக்குது ஐயா. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில. சொறியிறதுக்கு இடமில்லை."

இது கற்பனையுமல்ல, பைத்தியமுமல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரிலே கை கால் இழந்த படைவீரரைப் பரிசோதித்த வைர் மிட்செல் என்னும் வைத்தியர் 1871 இல் இதற்கு ஆவி அவயவம் என்று பொருள்படும் பெயரை இட்டார். உடம்பு துண்டித்துவிட்டதை மூளை ஒப்புக்கொள்வதில்லை. அதன் வரைபடத்தில் அந்தக் கால் இருந்தபடியே இருக்கிறது. கட்டளை போகிறது, மறுமொழி வருவதில்லை. மறுமொழி வராத கட்டளையே சிலருக்குப் பிடிப்பாகவும் எரிவாகவும் கடியாகவும் உணரப்படுகிறது என்று ஒரு விளக்கம். தமிழ்நாட்டிலே பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றும் நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் இதற்கு ஒரு சிகிச்சை கண்டார். அதற்கு வேண்டியது ஒரு சாதாரண நிலைக்கண்ணாடி. இருக்கின்ற காலைக் கண்ணாடிக்கு முன்னே வைத்து அசைத்தால், பிம்பத்தில் இல்லாத காலும் அசைவதாக மூளை காண்கிறது. கண்டபின் சிலருக்குப் பிடிப்புத் தளர்கிறது. எல்லாருக்கும் பலிப்பதில்லை. இவருக்கு ஒருகாலத்திற் பலித்ததாம். பின்பு கண்ணாடி உடைந்துபோயிற்றாம். புதிது வாங்கிக்கொடுக்க முன்வந்தவர்களிடம், கடி பழகிவிட்டது, தனக்கு அதோடு பேசிப் பழக்கம் என்று சொல்லிவிட்டாராம்.

கால் போனதைப் பற்றி இத்தனை சரளமாகப் பேசியவர், அடுத்ததற்கு வரும்போது குரலைத் தாழ்த்தினார். மெனிக் பாமிலிருந்து ஊருக்குத் திரும்பியபின் குடி பிடித்தது. முதலில் இரவுக் கடிக்காக, பிறகு இரவுக்காக, பிறகு காலை எழுந்தவுடன் கை நடுங்காமலிருப்பதற்காக. கிடைத்தால் சாராயம், கிடைக்காவிட்டால் கசிப்பு. கடற்கரையெங்கும் இந்தக் கதை ஒன்றுதான். ஆளும் காரணமும் மாத்திரம் வேறு. அவருடைய மனைவி தாய்வீட்டுக்குப் போனதும், எஞ்சினை விற்றதும், பொய்க்காலையே ஒரு தவறணைக்காரனிடம் ஈடு வைக்கக் கொண்டுபோனதும் அவர் தாமே சொன்னவை. "அவன் வாங்கேல்ல ஐயா. அவனுக்கே வெக்கமாப் போச்சுது."

குடியை ஒருவன் மனவுறுதியினால் ஒரே நாளில் விட்டுவிடவேண்டுமென்று உபதேசம் செய்பவர்கள் ஓர் உண்மையை அறியமாட்டார்கள். வருஷக்கணக்கில் நாள்தோறும் குடித்தவன் திடீரென நிறுத்தினால், இரண்டு மூன்று நாட்களுக்குள் வியர்வையும் நடுக்கமும் மேலிட்டு, சிலருக்கு வலிப்பு வந்து, சிலருக்கு இல்லாத பூச்சிகளும் ஆட்களும் கண்ணிற்பட்டு, வைத்தியர் பக்கத்தில் இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்தாக முடிவதுண்டு. இவருக்கும் அப்படி ஆகித்தான், யாரோ தூக்கிக்கொண்டுபோய் ஓர் அரசினர் வைத்தியசாலையில் விட, அங்கே மனநலப் பிரிவில் பத்து நாள் இருந்து நிதானத்துக்கு வந்தார். வந்து மூன்று மாதத்தில் மறுபடி குடித்தார். மறுபடி விட்டார். மறுபடியும் ஒருமுறை, இறந்த போராளிகளை நினைவுகூரும் ஒரு மாவீரர் மாதத்தில், வழுக்கி விழுந்தார். சாந்தி ரங்கநாதன் என்னும் அம்மையார், குடியினால் கணவரை இழந்து, 1980 இல் சென்னையிலே அவர் பெயரால் தொடங்கிய சிகிச்சை நிலையமும், 1935 இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்திற் குடியை விட்ட இருவர் ஒருவருக்கொருவர் துணையாகத் தொடங்கி இன்று பூமியெங்கும் பரந்திருக்கும் அநாமதேயச் சங்கமும் வற்புறுத்தும் விஷயம் ஒன்றே: வழுக்கி விழுவது வியாதியின் ஒரு பகுதி, அது சிகிச்சை தோற்றதற்கு அத்தாட்சியாகாது. நீரிழிவுக்காரன் ஒரு நாள் பாயசம் சாப்பிட்டால் அவனை நாம் ஒழுக்கங்கெட்டவன் என்று சொல்வதில்லையல்லவா?

இந்த நாட்டில் இப்படி மீண்டு வருவதற்கென்று, சம்ஸ்கிருதமும் தமிழும் கலந்த ஓர் அழகிய சொல் வைத்திருந்தோம்: புனர்வாழ்வு. 2009 க்குப் பிறகு அந்தச் சொல், சரணடைந்த முன்னாள் போராளிகள் ஏறத்தாழ 12,000 பேரை முகாம்களில் அடைத்து வைத்ததற்குப் பெயராயிற்று. பொலன்னறுவைப் பக்கத்துக் கந்தக்காட்டிலே அவ்வாறு அமைந்த முகாமே பின்பு போதைவஸ்துக்கு அடிமையானவர்களை வைக்கும் இடமாகி, 2022 இல் அங்கே ஒருவர் இறந்து, நூற்றுக்கணக்கானவர் வேலி தாண்டி ஓடிய செய்தியைப் பத்திரிகைகளிற் படித்தோம். போராளிக்கும் போதைக்காரனுக்கும் ஒரே மருந்து, அதுவும் படைவீரன் கையால் என்ற யோசனை எந்த வைத்திய நூலிலிருந்து வந்ததோ நான் அறியேன். 'புனர்வாழ்வு எடுத்தனீங்களோ?' என்று இவரிடம் ஒருவன் கேட்டால், எழுந்து போய்விடுவாராம்.

அப்படியானால் எது பலித்தது? அதைச் சொல்ல அவர் விரும்பவில்லை. நானாதான் சொன்னார், அதுவும் கிளாஸ் கழுவிக்கொண்டே. அக்கரையிலிருந்து எஞ்சின் திருத்த வந்து, கூலி வாங்கிய கையோடு அதைக் குடித்துவிட்டுக் கடை வாசலில் விழுந்து கிடந்தவரை ஒருநாள் எழுப்பி உட்கார வைத்து நானா சொன்னது இவ்வளவுதானாம்: "தம்பி, சுபஹுக்கு முந்திக் கடையத் திறக்கணும். எனக்கு முழங்கால் ஏலா. திறப்ப நீ வச்சிக்க."

சாவிக்கு நாங்கள் திறப்பு என்கிறோம். அந்தத் திறப்பை ஒரு நைலோன் கயிற்றிற் கோத்து அவர் கழுத்தில் போட்டிருப்பதை நான் அப்போதுதான் கவனித்தேன். விடிய நாலரைக்குக் கடை திறக்கவேண்டுமானால் இரவு எட்டரைக்குப் படுக்கவேண்டும். படுத்தவன் மூன்றரைக்கு எழும்பி, காலை மாட்டி, அடுப்பு மூட்டி, பள்ளிக்குப் போகிறவர்களும் கரைவலைக்குப் போகிறவர்களும் வந்து கதவைத் தட்டுமுன்னே கேத்தலைக் கொதிக்க வைத்திருக்கவேண்டும். குடித்தவனால் இது முடியாது. முடியாமற்போன இரண்டு காலைகளில் நாற்பது பேர் தேத்தண்ணியில்லாமல் நின்றார்களாம், ஒருவரும் ஏசவில்லையாம், 'திறப்பு எங்க?' என்று மாத்திரம் கேட்டார்களாம். எத்தனை வருஷம் என்று கேட்டேன். எட்டாவது நோன்பும் கழிந்துவிட்டது என்றார் நானா. ஏன் அவருக்குக் கொடுத்தீர்கள், நம்பிக்கையா என்று கேட்டதற்கு, அவர் என்னை வேடிக்கையாகப் பார்த்துவிட்டு, "எனக்கு ஆள் தேவைப்பட்டிச்சு ஐயா" என்றார்.

யாழ்ப்பாணத்து மனநல வைத்தியப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், யுத்தம் மனத்தில் விட்டுச்சென்ற தழும்புகளைப் பற்றி 'மனவடு' என்ற பெயரிலே தமிழிலும் பின்னர் ஆங்கிலத்திலும் நூல்கள் எழுதியவர். தனி மனிதனின் வடுவைப் பற்றி 1998 இல் நூல் செய்தவர், 2014 இல் வெளிவந்த நூலிலே சமுதாயத்தின் வடு என்ற விஷயத்துக்கு வந்து சேர்ந்தார். எங்கள்போன்ற சமூகங்களில் குடும்பமும் அயலும் ஊரும் சேர்ந்தே ஓர் ஆளாகையால், ஊர் சிதைந்தபின் தனி மனிதனை மாத்திரம் கட்டிலிற் கிடத்திச் சிகிச்சை செய்து பயனில்லை என்பது நீண்டகால அனுபவத்தில் அவர் கண்ட முடிவு. நானா அந்த நூல்களைப் படித்தவரல்லர். தமக்கு ஆள் தேவைப்பட்டதென்று அவர் சொன்னதை நான் அப்படியே நம்புகிறேன். தயவென்று அவர் அதைச் செய்திருந்தால் அந்தத் திறப்பு ஒரு மாதத்தில் அடகுக்கடைக்குப் போயிருக்கும் என்பதே என் அபிப்பிராயம்.

வாங்கின் கீழே கொட்டிக் கிடந்த மணலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இன்னொன்று நினைவுக்கு வந்தது. இல்மனைட்டிலிருந்து எடுக்கப்படுவது டைட்டேனியம். அதிற் பெரும்பங்கு வெள்ளைச் சாயமாகிச் சுவர்ப் பூச்சிலும் காகிதத்திலும் பற்பசையிலும் போய்ச் சேர்கிறது. இந்தக் கரிய மணலே உலகத்து வெண்மைக்கு மூலம். ஒரு சிறுபங்கு உலோகமாகி, முறிந்த எலும்புகளைப் பொருத்தும் தகடாகவும் திருகாணியாகவும் சத்திரவைத்தியர் கைக்கு வருகிறது. 1952 இல் சுவீடன் தேசத்திலே பிரோனெமார்க் என்னும் ஆராய்ச்சியாளர், முயலின் காலெலும்புக்குள் இரத்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காக வைத்த டைட்டேனியக் குழலை ஆராய்ச்சி முடிந்தபின் கழற்ற முயன்றபோது அது வரவில்லை. எலும்பு அதனோடு ஒன்றாக வளர்ந்துவிட்டிருந்தது. அந்நிய வஸ்து எதையும் புறந்தள்ளுவதே உடம்பின் சுபாவம். இந்த உலோகத்தையோ எலும்பு தன்னுடையதென்று எடுத்துக்கொள்கிறது. 1965 இல் அவர் மனிதருடைய தாடையெலும்பில் அதைப் பொருத்திப் பல்லை நிறுத்தினார். பிற்காலத்தில், துண்டித்த தொடையெலும்பிலேயே நேராகக் காலைப் பூட்டுகிற அளவுக்கு அந்த வித்தை வளர்ந்திருக்கிறது. எலும்பு நொறுங்கியவர்களைக் கப்பலிலிருந்து தூக்கிக் கிடத்திய இந்தக் கரையின் மணலில் நிறைந்திருப்பது அந்த உலோகத்தின் தாது. கிடத்தியவர்களும் கிடந்தவர்களும் அதை அறிந்திருக்கமாட்டார்கள். மணல் வழக்கம்போலச் சுட்டிருக்கும்.

இதை நான் அவருக்கு விஸ்தாரமாக எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அப்ப என்ரை காலுக்குள்ள புகுந்து கரைச்சல் தாறதும் அதுதானோ?" என்றார்.

வெயில் சாய்ந்தது. உறை கொடியிற் காய்ந்திருந்தது; அதை இழுத்து மாட்டி, சுருக்கம் விழாமல் தடவிவிட்டு, காலைப் பூட்டி எழுந்து இரண்டு முறை மிதித்துப் பார்த்தார். அந்த நேரம் பதினாறு பதினேழு வயதுப் பையன்கள் இருவர் ஓர் எஞ்சினைத் தடியிற் கட்டித் தோளிற் சுமந்துகொண்டு கரையிலிருந்து ஓடி வந்தார்கள். முதல்நாள் இரவு வள்ளம் கவிழ்ந்து கடலுக்குள் போன எஞ்சின். விடியச் சுழியோடி எடுத்து, அன்று பகல் முழுவதும் வெயிலிற் காய வைத்துவிட்டுக் கொண்டுவருகிறார்கள். அவர் அதைக் கண்டதும், இவ்வளவு நேரமும் என்னோடு பேசிய மனிதர்தானா என்று நான் திகைக்கும்படி சத்தம் போட்டார்.

"ஆரடா காய வைக்கச் சொன்னது? உப்புத்தண்ணிக்குள்ள கிடந்ததைக் காய விட்டால் அரிச்சுப்போகுமெல்லே? எடுத்த உடன நல்ல தண்ணிக்குள்ள போட்டுக் கொண்டந்திருக்க வேணும். தூக்கு, தூக்கு!"

கொட்டிலின் மூலையில் கிணற்றுநீர் நிரப்பிய நீலப் பீப்பா ஒன்று நின்றது. மூவருமாகப் பிடித்து எஞ்சினைத் தலைகீழாக அதற்குள் இறக்கினார்கள். நீர் வழிந்து, கருமணலை ஈரமாக்கிக்கொண்டு ஓடிற்று. எஞ்சினுக்குள்ளிருந்து சிறு குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. பையன்களில் இளையவன், இன்றைக்கே திறந்து பார்க்கமுடியாதா, இரவு தொழிலுக்குப் போகவேண்டுமே என்று கெஞ்சினான்.

"இண்டைக்கு ஏலாது," என்றார் அவர், குமிழிகளைப் பார்த்தபடி. "ஊறட்டும். நாளைக்கு விடியக் கடை திறக்கேக்க வா."